வெள்ளை மணலில் காத்திருந்தவளுக்கு

அக்கா,

ஐஸ் கடைக் கதவில் ஒட்டியிருந்த உன் முகம் இன்று காலை பாதி உரிந்துவிட்டது. ஹோஸ் பைப்பால் தரையைக் கழுவிக்கொண்டிருந்த கடைக்கார தாதா, அந்த வங்காளி அண்ணன், தண்ணீரைக் கதவுப் பக்கம் திருப்பினார். வெயிலிலும் உப்புக் காற்றிலும் ஏற்கெனவே வெளுத்துப்போயிருந்த போஸ்டர் ஓரத்திலிருந்து கிளம்பி, உன் கன்னம், காது, மூக்குத்தி எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு சாக்கடையில் போய் விழுந்தது. மிச்சம் இருப்பது ஒரு கண், அதற்கு மேலே கொஞ்சம் முடி, படத்தின் பெயரில் கடைசி இரண்டு எழுத்து.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உச்சி குளிர்ந்தது. மீனுக்கு ஐஸ் வாங்க வரும்போதெல்லாம் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து எரிந்த வயிறு இது.

"தீதி, யே தோ ஃபட் கயா. நிக்கால் தூ க்யா?" என்று கேட்டார் தாதா. கிழிந்துபோச்சு, மிச்சத்தையும் எடுத்துவிடவா என்று.

எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ரெஹ்னே தோ" என்று வந்தது. இருக்கட்டும் என்று. தாதா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பினார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று உன்னிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்திருந்தாலும் இதை நான்தான் உனக்குப் படித்துக்காட்ட வேண்டியிருந்திருக்கும். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்ததில் அந்த ஒரு விஷயத்திலாவது நான் உனக்கு ஒரு படி மேல்.

மற்ற எதில் மேல், சொல்லு. அண்ணனை நீயும் தம்பியை நானுமாகக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். நீ முன்னால் வந்தாய். மாமியார் தன் இடுப்புச் சாவியை அவிழ்த்து உன் இடுப்பில் செருகினாள். உன் புருஷனுக்குத் தீவுக்குத் தீவு போகும் கவர்ன்மென்ட் கப்பலில் கயிறு இழுக்கும் கலாசி வேலை. மாதம் பிறந்தால் சம்பளம்; கடல் எப்படி இருந்தாலும் கப்பல் பத்திரமாகக் கரைக்கு வரும், மனுஷன் சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். என் புருஷனுக்கு டிங்கி என்று ஒரு சின்னப் படகும் அதில் ஒரு பழைய இன்ஜினும். உனக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கியது. நீ வைத்த குழம்பின் வாசனைக்குப் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் கிண்ணத்தோடு வருவார்கள். மீன் வெட்டுவதில் நான்தான் வேகம். படகு அணையும் ஜெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து வெட்டுவோம், நீ ஒரு சூரையைத் துண்டு போடுவதற்குள் நான் இரண்டை முடித்திருப்பேன். ஆனால் வாங்க வருகிறவர்கள் உன் முன்னால்தான் போய்க் குந்துவார்கள். நீ செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே அவர்கள் வீட்டு நல்லது கெட்டதை விசாரிப்பாய். எனக்கு அந்த வாய் கிடையாது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறாமைதான், ஆனால் அன்றாடம் கூடவே இருக்கும் பொறாமை. பல்வலிபோல அது பாட்டுக்கு இருக்கும், நாம் பாட்டுக்கு வேலை பார்ப்போம்.

என்னுடையது என்று இந்த வாழ்க்கையில் எனக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காத்திருப்பு. அதையும் நீ எடுத்துக்கொண்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் புருஷனின் டிங்கி திரும்பி வராத அந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. மழை விட்டுப் போன சமயம். மறுநாள் வருவார், இல்லாவிட்டால் அதற்கு மறுநாள் என்று இருந்தோம். கோஸ்ட் கார்டுக்காரர்கள் கப்பலில் போய்த் தேடினார்கள், நம் படகுகளும் போய்த் தேடின. பிறகு எல்லோரும் அவரவர் பாட்டைப் பார்க்கப் போனார்கள். நான் மட்டும் விடியும் முன்னால் எழுந்து ஜெட்டி ஓரத்துக் கற்களில் போய் உட்கார்ந்தேன். அந்தக் கற்கள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அழுகின மீன் குடல், டீசல், பாசி. உட்கார்ந்து எழுந்தால் சேலையெல்லாம் நாறும். அங்கே உட்கார்ந்துதான் ஒரு நாள் கடலைப் பார்த்துக் கேட்டேன்.

"தின்னுட்டியா, வச்சிருக்கியா? எதுவானாலும் சொல்லித் தொல."

பக்கத்தில் ஒரு ஈ காக்கை கிடையாது. அதனால்தான் அப்படி வாய்விட்டுக் கேட்டேன்.

வீட்டு வாசலில் என் அரிவாள்மனை விரித்தபடியே கிடந்தது. ஆள் கடலில் இருக்கும்வரை அந்த வீட்டுப் பெண் அரிவாள்மனையின் கத்தியை மடக்கிவைக்கக் கூடாது என்பது ராமநாதபுரத்துக் கரையிலிருந்து நம் மாமியார் கொண்டுவந்த வழக்கம். மடக்கினால் இனிமேல் இந்த வீட்டுக்கு மீன் வராது என்று அர்த்தமாம். அவள் செத்த பிறகும் நாம் அதை விடவில்லை. உப்புக் காற்றில் கத்தி முழுக்கத் துரு ஏறிவிட்டது. ஒரு நாள் தாங்க முடியாமல் அதை மடக்கப் போனேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"மடக்காதடி சின்னவளே. மடக்குனா நீயே அனுப்பிவச்ச மாதிரி."

அவ்வளவுதான் அந்தக் கதையில் உன் பங்கு. அப்படித்தான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தார். இன்ஜின் செத்து, நீரோட்டம் இழுத்து, பர்மாக்காரன் பிடித்து, ஜெயிலில் போட்டு, பிறகு யார் யாரோ கையெழுத்துப் போட்டு, மெயின்லேண்ட் வழியாக அனுப்பிவைத்தார்கள். டிங்கியில் வரவில்லை. சென்னைக் கப்பலில் ஹேடோ துறைமுகத்துக்கு வந்து, தாடியும் ஒரு பிளாஸ்டிக் பையுமாக, மற்ற பயணிகளோடு வரிசையில் நின்று இறங்கினார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. "சாப்பிட்டியளா?" என்று கேட்டேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

நம் ஜங்லிகாட் ஏரியாவில் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கிறவர்கள் ஒரு நொடி தயங்கிப் பார்ப்பார்கள். அவள்தான், காத்திருந்தவள். எனக்கு முன்னால் வந்து யாரும் குந்தியதில்லை. ஆனால் அந்தப் பார்வை எனக்கு மட்டும்தான் கிடைத்தது, உனக்கு இல்லை. அதை நான் யாருக்கும் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

அப்புறம்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

நான் அப்போது பாராடாங் தீவில் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தேன். குழந்தைக்கு மஞ்சள் காமாலை மாதிரி இருந்ததால் நாளாகிவிட்டது. அங்கே போன் சரியாக எடுக்காது என்று உனக்கே தெரியும். ஃபெர்ரிக்காகக் காத்து நின்ற பஸ் டிரைவர் ஒருவர்தான் எங்கள் சம்பந்தி வீட்டில் டீ குடித்துக்கொண்டே சொன்னார், ஜங்லிகாட்டில் ஷூட்டிங் நடக்கிறது, ஏதோ காணாமல்போன மீன்காரன் கதையாம் என்று. எனக்கு அப்போதே மூக்கு வியர்த்தது.

ஊருக்கு வந்து பார்த்தால் நம் வீட்டு வாசலில் விளக்குகள், வயர்கள், குடை. நடுவில் என் அரிவாள்மனை விரித்தபடி கிடக்கிறது. அதன் பின்னால் நீ. முடியைக் கலைத்துவிட்டு, வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி உட்கார்ந்திருக்கிறாய். நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாய். நான் அப்படித்தான் கடித்துக்கொண்டிருந்தேன். சொந்த வீட்டு வாசலில் நுழைய விடாமல் ஒருவன், "ஆண்ட்டி, ஷாட் போகுது, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றான். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

அன்று உன்னிடம் கேட்டேன்.

"என்னக்கா இது?"

"டைரக்டர் தம்பி வந்து, ஒங்க வாழ்க்கைல மறக்க முடியாதது ஒண்ணு சொல்லுங்கம்மான்னு எல்லாரையும் கேட்டாரு புள்ள. நான் இதச் சொன்னேன். அப்பறம் நீங்களே பண்ணுங்கன்னுட்டாரு."

"ஒன் வாழ்க்கைலயா? இது ஒன் வாழ்க்கையா?"

"நானும் அந்த வீட்லதானடி இருந்தேன்."

பதில் சொல்லிவிட்டு மூஞ்சியைக் கழுவப் போய்விட்டாய். மூஞ்சியில் பூசியதைக் கழுவ உனக்குத் தனியாக ஒரு க்ரீம் கொடுத்திருந்தார்கள். அதன் வாசனை அடுப்படி வரை வந்தது. அந்த வாசனையோடு நீ மீன் அலசினாய். இன்னும் ஒரு வார்த்தை நான் பேசியிருந்தால் அன்றைக்கு வீடு இரண்டாகியிருக்கும்.

ஜங்லிகாட்டில் மணல் ஏது? அதனால் கரையில் காத்திருக்கும் காட்சிகளை ஹேவ்லாக் தீவில் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று நம் தெருப் பெண்களையெல்லாம் ஃபெர்ரியில் ஏற்றினார்கள். என்னையும். நன்றாக யோசித்துப் பார். நான் காத்திருந்ததை நீ நடிக்கிறாய். நீ காத்திருப்பதை வேடிக்கை பார்க்கும் பெண்களில் ஒருத்தியாக நான் நிற்கிறேன். என் கல்யாணத்துக்கு நானே பந்தி பரிமாறினாற்போல் இருந்தது. வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எப்படி நடிக்கிறாய் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை, அதுதான் உண்மை.

உனக்கு ரிசார்ட்டில் ஏசி ரூம். எங்களுக்கு ஸ்கூல் கட்டடத்தில் பாய். காலையில் கரைக்கு வந்தால் மாவு சலித்துக் கொட்டியதுபோல் வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், சாய்ந்து நிற்கும் மரம். அந்த மணலில் நீ போய் உட்கார்ந்தாய். எனக்கு அழுகையே வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். நான் மீன் குடலில் உட்கார்ந்து காத்திருந்தேன்டி அக்கா. இந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்து யார்தான் காத்திருக்க மாட்டார்கள்!

படகு திரும்பிவரும் காட்சியைச் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, உனக்கும் வந்திருக்கும். கதைப்படி, தொலைந்துபோன ஆள் டிங்கியிலேயே திரும்பி வருகிறான். படகைப் பார்த்ததும் கரையில் நிற்கிற பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு அழ வேண்டும், யாரும் நகரக் கூடாது என்று டைரக்டர் தம்பி படித்துப் படித்துச் சொன்னார். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஆளுக்கொரு அலுமினியச் சட்டியையும் கையில் கொடுத்துவிட்டார். அங்கேதான் அவர் தப்புச் செய்தார். படகு நிஜமாய்த் தெரிய வேண்டும் என்று அதில் கொஞ்சம் மீனும் போட்டிருந்தார்கள். முந்தின நாள் நம் ஜெட்டியிலேயே வாங்கி ஐஸில் வைத்து, நாங்கள் வந்த அதே ஃபெர்ரியில் கொண்டுவந்த மீன். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

டிங்கி அலையில் ஏறி மூக்கைக் காட்டியது. அவ்வளவுதான். யார் முதலில் ஓடியது என்று தெரியவில்லை. நான்தான் என்று நீ சொல்வாய். எல்லோரும் சட்டியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றோம். ஒருத்தி படகின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "சூரை எனக்கு! சூரை எனக்கு!" என்று நான் கத்தினேன். பின்னாலிருந்து ஒருத்தி தெலுங்கில் விலையைக் குறைத்துக் கேட்டாள். மெயின்லேண்டிலிருந்து வந்த அந்த நடிகன், பர்மா ஜெயிலிலிருந்து தப்பி வந்தவன், தாடிக்குள்ளே முழித்தான். "கட்! கட்! என்னம்மா பண்றீங்க?" என்று டைரக்டர் தம்பி தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார். படகு வந்தால் ஓட வேண்டும் என்பது எங்கள் காலுக்குத்தான் தெரியுமே தவிர, அழ வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

ஓடாதவள் நீ ஒருத்திதான். நீ மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தாய், கன்னத்தில் தண்ணீர் ஓட. டைரக்டர் தம்பி உன்னைக் காட்டி எங்களைத் திட்டினார். "அவங்களப் பாருங்க. அவங்க ஒருத்தருக்குத்தான் இது என்னன்னு தெரியுது."

என் முன்னாலேயே சொன்னார் அக்கா. அவர் மேல் தப்பில்லை, அவருக்கு யாரென்று தெரியாது. தெரிந்த நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அந்தா, சூரைக்குக் கத்துறாளே, அவதான் தம்பி" என்று. நீ சொல்லவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்து எங்கே நிற்கணும் என்று கேட்டாய்.

படம் வந்தபோது முதல் காட்சிக்கு உன்னை ப்ளேனில் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். நான் இந்த வயது வரை கப்பலில்தான் போய்வந்திருக்கிறேன், மூன்று நாளும் வாந்தி. நீ ஜன்னல் சீட்டில் போனாய். திரும்பிவந்து, மேகம் மேலிருந்து பார்த்தால் இட்லி மாவு மாதிரி என்றாய். அதற்கும் எனக்கு எரிந்தது.

பிறகு நம் ஏரியா ஹாலில் ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை தொங்கவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டுக் காட்டினார்கள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். முக்கால்வாசிப் படம் வரைக்கும் கிடைக்கவில்லை. அரிவாள்மனையை மடக்க வருகிற பக்கத்து வீட்டுக்காரியின் கையைத் தட்டிவிட்டு நீ ஒரு பார்வை பார்த்தாய், ஹாலே அடங்கிப்போனது. நிஜத்தில் மடக்கப் போனவள் நான். தடுத்தவள் நீ. படத்தில் காத்திருக்கிறவளே தடுக்கிறாள். எனக்கு இல்லாத தைரியத்தை எனக்குப் போட்டு, அதை நீயே நடித்தாய். என்ன சொல்லிச் சண்டை பிடிப்பது என்றே தெரியவில்லை.

அப்போதுதான் அந்த வெள்ளை மணலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, நீ கேட்டாய்.

"தின்னுட்டியா, வச்சிருக்கியா? எதுவானாலும் சொல்லித் தொல."

ஹாலில் பெண்கள் விசும்பினார்கள். பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளி, "பாத்தியா ஒங்கக்காவ" என்றாள். நான் யாரிடமும் சொல்லாதது அது. என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

உடனே இன்னொன்றும் செய்தாய். கேட்டுவிட்டு மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தாய். படத்தில் பின்னால் யாருமில்லை, வெறும் மணலும் மரமும்தான். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாய். போஸ்டரில் போட்டதும் அந்தப் பார்வையைத்தான்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. குறை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"நான் என்னக்கி அக்கா திரும்பிப் பாத்தேன்? காத்துக்கெடக்குறவ கடலத்தான் பாப்பா. பின்னால என்ன மசுரு இருக்கு பாக்க? தப்பாப் பண்ணிட்ட."

நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். நிமிரவில்லை.

"பாத்திருக்கலாம்ல" என்றாய்.

"அது சரி, கடலக் கேட்டேனே, அது ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எல்லாப் பொம்பளையும் அதத்தான் கேப்பா."

எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. உன் பதில்கள் எப்போதும் அப்படித்தான், வாயை அடைத்துவிடும். அதற்குப் பிறகு மார்க்கெட்டில் யாராவது உன்னிடம், "தின்னுட்டியா, வச்சிருக்கியா?" என்று படத்து வசனத்தைச் சொல்லி மீன் கேட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் நான் கத்தியில் கை படாமல் வெட்டப் பாடுபடுவேன். டூரிஸ்ட் பெண்கள் உன்னோடு செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். ஓரத்தில் என் முழங்கையும் விழுந்திருக்கும். அப்போதெல்லாம், அந்தப் பின்னால் திரும்பும் இடம் மட்டும் தப்பு, தப்பு, தப்பு என்று எனக்குள்ளே சொல்லிக்கொள்வேன். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

இரண்டாவது தடவை நீ ப்ளேனில் போனது ஆஸ்பத்திரிக்கு. இங்கே முடியாது, மெயின்லேண்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீல் சேரில் ஏர்போர்ட்டுக்குள் போகும்போது, "ஜன்னல் சீட்டாடி பாரு" என்றாய். நான் வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமலே, உன் அரிவாள்மனையை எடுத்து வாசலில் விரித்துவைத்தேன். நீ கடலில் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறாய். இருந்தாலும் வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன் மருமகள் துடைத்து உள்ளே வைக்கப் போனாள். நான் விடவில்லை. சென்னையிலிருந்து போன் வந்த அன்றைக்கு நான்தான் அதை மடக்கினேன். உன்னை அங்கேயே எரித்துவிட்டார்கள். கடைசியாக உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை; ஐஸ் கடைக் கதவில் இருந்ததுதான் முகம்.

அந்த அரிவாள்மனையை மருமகள் கேட்டாள். கொடுக்கவில்லை. என்னுடையதை நீ சினிமாவுக்குக் கொடுத்தாய், உன்னுடையதை நான் எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் உன் புருஷன் காலையில் அடுப்படிக்கு வந்தார். உன் மகனும் மருமகளும் ஊரில் இல்லை. மச்சானுக்குக் கஞ்சியும் சுட்ட கருவாடும் வைத்தேன். ரிட்டையர் ஆன பிறகு மனுஷனுக்குப் பேச்சு கூடிவிட்டது. குடித்துக்கொண்டே சிரித்தார்.

"நீ கஞ்சி ஊத்துற. அப்ப ஒன்னாலதான் எனக்குக் கஞ்சி இல்லாமப் போச்சு."

"என்னாலயா? எப்ப மச்சான்?"

"தம்பி காணாமப் போனப்பத்தான். நீ விடியமுன்ன எந்திரிச்சுப் போவியா, கதவுச் சத்தம் கேட்டதும் இவளும் எந்திரிச்சுருவா. டூட்டி டைம் ஹோ கயா, நேரமாச்சு, கஞ்சி எங்கடின்னா, பிஸ்கோத்து இருக்கு தின்னுட்டுப் போங்கம்பா. தெனமும். வெறும் வயித்தோட கப்பல்ல கயிறு இழுத்தேன்."

"எங்க போவா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

"ஒம் பின்னாலதான். ஐஸ் கடைக் கதவோரம் டீசல் ட்ரம்மு இருக்குமே, அதுக்குப் பின்னால நிப்பா. நீ தண்ணில எறங்கிருவியோன்னு அவளுக்குப் பயம். கூட ஒக்காரேண்டின்னா, வேணாம், ஆள் இருந்தா அவளால அழ முடியாதும்பா. நீ கல்லுலருந்து எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஓடியாந்து படுத்துக்குவா. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது அக்கா. நீ சொல்லவில்லை. சண்டை பிடித்த அன்றைக்குக்கூட, "பாத்திருக்கலாம்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டாய். உன் வாயால் ஊரையே விசாரிக்கத் தெரிந்தவள், இதை மட்டும் எங்கே கொண்டுபோய் ஒளித்துவைத்தாய்?

நான் இளகி உருகிவிட்டேன் என்று நினைக்காதே. முதலில் எனக்கு வந்தது கோபம்தான். என் காத்திருப்பாவது எனக்கு மட்டும் சொந்தம் என்று இருந்தேன். பார்த்தால் அதிலும் பாதி உன்னுடையது. நானாவது என் புருஷனுக்காக உட்கார்ந்திருந்தேன்; வேறு வழியில்லை. நீ நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் நின்றிருக்கிறாய். நல்ல முடி, நல்ல குழம்பு, கவர்ன்மென்ட் சம்பளம், சினிமா, எல்லாம் போதாதென்று, கடைசியில் இரண்டு பேரில் நல்லவளும் நீதான் என்று ஆகிவிட்டது. செத்த பிறகும் ஒருத்தி ஜெயித்துக்கொண்டே இருந்தால் உயிரோடிருப்பவள் என்ன செய்வாள்?

இப்போது இன்று காலைக்கு வருகிறேன்.

நம் தெருக் கடைசி வீட்டுத் தெலுங்குப் பெண்ணைத் தெரியும் உனக்கு, வெள்ளைக் கல் மூக்குத்தி போட்டவள், மார்க்கெட்டில் என் பக்கத்தில் கூடை வைத்திருப்பவள். அவள் புருஷன் போன டிங்கி வர வேண்டிய நாளில் வரவில்லை. கூடப் போன படகுகள் வந்துவிட்டன. நேற்று அந்தப் பெண் கற்களில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். இன்று விடிவதற்கு முன்னால் அவள் வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டது. நானும் எழுந்துவிட்டேன். என் புருஷன் கஞ்சி எங்கே என்று கேட்டார். பிஸ்கட் இருக்கிறது என்றேன்.

ஐஸ் கடைக் கதவோரம் நின்றேன். அந்த டீசல் ட்ரம் இப்போது இல்லை. என் தோளுக்குப் பக்கத்தில் நீ இருந்தாய், அப்போது முழு முகமும் இருந்தது. தாதா வந்து கடை திறந்து கழுவத் தொடங்கும்வரை அங்கேயே நின்றேன். அதனால்தான் அவர் கேட்டபோது, இருக்கட்டும் என்றேன். அந்த ஒரு கண்ணாவது அங்கே இருந்துவிட்டுப் போகட்டும், அது உன் இடம்.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். அந்தப் படத்தில் காத்திருக்கிறவளுக்கு ஆள் உண்டு, காணாமல்போனவனுக்கு ஆள் உண்டு, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு நாங்கள் உண்டு. பின்னால் நிற்கிறவளாக மட்டும் யாரும் நடிக்கவில்லை. நீ திரும்பிப் பார்த்த இடத்தில் வெறும் மணல்தான் இருந்தது. என் வேஷத்தை நீ எடுத்துக்கொண்டாய் அல்லவா? உன் வேஷத்தை நான் எடுத்துக்கொண்டேன். இதற்கு போஸ்டரும் கிடையாது, ஏசி ரூமும் கிடையாது. பரவாயில்லை.

அந்தத் தெலுங்குப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது தோள் அசைவில் தெரிந்தது. கடலிடம் தெலுங்கில் என்னவோ கேட்டிருப்பாள். என் காதுக்கு எட்டவில்லை. தண்ணீர் அவள் பாதத்தை ஒட்டி வந்துவந்து போனது. ஒவ்வொரு தடவையும் என் கால் ஒரு அடி முன்னால் போய்த் திரும்பியது. கால் கடுத்தது, குளிர்ந்தது. நாளைக்கும் நிற்பேன். படகு வரும்வரை, இல்லை அவள் எழுந்திருக்கும்வரை.

இங்கே நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று நீ சொன்னதே இல்லை அக்கா. அவளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் ஒளிந்து நிற்கிறேன். ஆனால் நிற்க நிற்க, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவள் திரும்பிப் பார்த்துவிட மாட்டாளா என்று இருக்கிறது.